ஷேக் தூஸியும் ஒரு விட்டுப்போன பெயரும்

அந்த வீட்டில் டீ போடுவது சஜ்ஜாத். வான்மதி கோபிச்செட்டிபாளையத்துக் காபிக்காரி. டீத்தூள் டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால்கூட கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். அதனால் சான் ஹோசே ஷியா சென்டரின் ஆண்டு மலரில், தன் கணவனின் கட்டுரைக்குக் கீழே, ‘பொறுமையோடு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்த என் மனைவிக்கு நன்றி’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததைப் படித்தபோது, முதலில் அது வேறு யாருடைய மனைவியோ என்றுதான் நினைத்தாள்.

பிறகு கட்டுரையைப் படித்தாள். படிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவள் எழுதியது. ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. மேலே, தடித்த எழுத்தில், ‘சஜ்ஜாத் உசேன், சான் ஹோசே’ என்று இருந்தது.

மலரை மூடி மேசையில் வைத்தாள். வாஷிங் மெஷினில் துணியைப் போட்டாள். திரும்பி வந்து மறுபடியும் அந்த நன்றி வரியைப் பார்த்தாள். இப்போது காது மடல் சூடாகிவிட்டது.

வான்மதிக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். சென்னையில் அவள் வரலாறு எம்.ஏ. படிக்கும்போது கிண்டியில் இன்ஜினியரிங் முடித்திருந்த சஜ்ஜாத்தைச் சந்தித்தாள். ராயப்பேட்டையில் நாலு தலைமுறையாக இருக்கிற ஷியா குடும்பம் அவனுடையது. ரெஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். அவள் வான்மதியாகவே இருந்தாள், அவன் சஜ்ஜாத்தாகவே இருந்தான். அவள் வீட்டில் இன்றைக்கும் அவள் குரல் கேட்டால் போனை வைத்துவிடுகிறார்கள். அவன் அம்மா கொஞ்ச நாள் அழுதுவிட்டு, பிறகு பட்டுப் புடவை அனுப்பினார். சான் ஹோசேயில் அவனுக்கு சாஃப்ட்வேர் வேலை. அவளுக்கு மனைவிக்கான விசா, அதில் வேலை பார்க்க அனுமதி இல்லை. வரலாற்றில் அவள் வாங்கிய தங்கப் பதக்கத்தைச் சூட்கேஸின் அடியில் வைத்துவிட்டு, பகலெல்லாம் ஜன்னல் வழியே பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படி இருந்தபோதுதான் போன நவம்பரில் சென்டரின் செயலாளர் ரிஸ்வி அங்கிள், பிள்ளைகளுக்கு ஷேக் தூஸியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று சஜ்ஜாத்தைக் கேட்டார். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குத் தங்கள் மரபு எப்படித் தங்களிடம் வந்து சேர்ந்தது என்று தெரிய வேண்டுமாம். சஜ்ஜாத்துக்குத் தூஸியின் பெயர் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் என்று சென்டரில் நான்கு வருஷமாகச் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறான். இப்போதுதான் முதல் தடவையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுக்கவும் மனசில்லை.

வான்மதிதான் தான் படித்துத் தருவதாகச் சொன்னாள். சொன்னபோது பாவம் பார்த்துத்தான் சொன்னாள். படிக்க ஆரம்பித்த பிறகு அது அவளுடையதாகிவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க மழை கொட்டியது. ஃப்ரீவேயில் தண்ணீர் நிற்கும். சஜ்ஜாத் ஃப்ரீமாண்ட்டில் இறக்கிவிட, அங்கிருந்து ரயிலேறி பெர்க்லிக்குப் போய், பல்கலைக்கழக நூலகத்தில் நனைந்த துப்பட்டாவோடு உட்கார்ந்து படித்தாள்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த மனிதர். இன்றைய ஈரானில், குராசானில் தூஸ் என்ற ஊரில் பிறந்து, இருபத்து மூன்று வயதில் படிப்பதற்காக பாக்தாதுக்கு வந்தவர். நபியும் இமாம்களும் சொன்னதாக வழிவழியாக வந்த சொற்களைத் திரட்டினார். ஷியாக்கள் இன்றும் நம்புகிற நான்கு பெரிய தொகுப்புகளில் இரண்டு அவர் செய்தவை. ஒன்றுக்கொன்று முரணான சொற்கள் வந்தபோது, தனக்குப் பிடிக்காததைத் தூக்கிப் போடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் முரண்படுகின்றன என்று விளக்கினார். பாக்தாதில் கலவரம் வந்தது. அவருடைய வீட்டைச் சூறையாடினார்கள், புத்தகங்களை எரித்தார்கள். அறுபது வயது தாண்டிய மனிதர் நஜஃப் நகருக்குப் போய், மறுபடியும் மாணவர்களை உட்காரவைத்துப் பாடம் சொல்ல ஆரம்பித்தார்.

வான்மதியை அசைத்தது அவர் பெயர்களை நடத்திய விதம். எந்தச் சொல்லும் அவரிடம் தனியாக வராது. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று ஒரு சங்கிலியோடுதான் வரும். சங்கிலியில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்தச் சொல்லின் மதிப்பு குறைந்துவிடும். புத்தகம் பெரிதாகிவிடும் என்று அவர் சில இடங்களில் பெயர்களைச் சுருக்கினார். ஆனால் கடைசியில் தனியாக ஒரு பகுதி வைத்து, விட்ட பெயர்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அறிவித்தவர்களின் பெயர்களைத் திரட்டியபோது பெண்களுக்கும் இடம் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னவருடைய கொள்கை வேறாக இருந்தாலும், அவர் பேச்சில் உண்மையுள்ளவராக இருந்து, நம்மவர்களிடம் அதற்கு மாறான அறிவிப்பு இல்லாமலும் இருந்தால், அதை ஏற்கலாம் என்று எழுதி வைத்தார்.

இந்தக் கடைசிப் பகுதியை வான்மதி மூன்று தடவை திருத்தி எழுதினாள். பிப்ரவரியில் சஜ்ஜாத் பேசியபோது, பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாள். அந்த இடத்துக்கு வந்ததும் ஆண்கள் பக்கமிருந்து ‘சுபஹானல்லா’ என்று குரல்கள் எழுந்தன. அன்றைக்கு அவன் அவள் பெயரைச் சொல்லவில்லை. பதற்றத்தில் மறந்திருப்பான் என்று விட்டுவிட்டாள். இப்போது அச்சில் வந்திருக்கிறது. அச்சுக்குப் பதற்றம் கிடையாது.

சாயங்காலம் சஜ்ஜாத் உள்ளே நுழையும்போதே மலர் மேசைமேல் விரித்து வைத்திருந்தது.

“ஏனுங்க,” என்றாள் வான்மதி. “இந்த வூட்ல டீ போடறது யாருங்க?”

கல்லூரிக் காலத்திலிருந்து அவர்களுக்குள் ‘நீ’தான். ‘ங்க’ வந்தால் வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். சஜ்ஜாத் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“மதி, அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. எல்லாரும் வொய்ஃபுக்கு தேங்க்ஸ் போடுவாங்க.”

“நான் எழுதினதுக்கு எனக்கே தேங்க்ஸ் போட்டிருக்கீங்க. அதுவும் டீக்கு.”

அவன் பிப்ரவரியில் நேரம் போதவில்லை என்றான். மலரில் இடம் போதவில்லை என்றான். அவள் மலரை அவன் பக்கம் நகர்த்தி அந்த நன்றி வரியில் விரலை வைத்ததும், மென்று முழுங்கி உண்மையைச் சொன்னான். பேசுவதற்கு முன்னால் ரிஸ்வி அங்கிளிடம் அவன் சொல்லியிருக்கிறான், இதெல்லாம் என் மனைவி படித்து எழுதியது என்று. அங்கிள் அவன் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போய், அதை மேடையில் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். இந்துப் பெண் எழுதியது என்றால் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள், நல்ல விஷயம் வீணாகிவிடும் என்றிருக்கிறார். இவனும் தலையாட்டிவிட்டான். மனசு கேட்காமல்தான் மலரில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னானாம்.

இதைக் கேட்ட பிறகுதான் வான்மதிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மறந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். நினைவு வைத்துக்கொண்டு அழித்திருக்கிறான்.

“வேற கொள்கைக்காரன் சொன்னாலும் உண்மையா இருந்தா எடுத்துக்கலாம்னு அந்த மனுஷன் சொன்னாருன்னு நீங்கதானே படிச்சீங்க? படிக்கும்போது நாக்கு கூசலீங்களா?”

“கூசிச்சு மதி.”

“கூசியும் படிச்சீங்க.”

அன்றைக்கு அவன் போட்ட டீயை அவனே குடிக்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் வீட்டில் சாம்பார் இருந்தது, சாதம் இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. அவன் பேப்பரைப் படிப்பதுபோல் பாவனை செய்வான். அவள் அவன் பக்கமே திரும்பாமல் துணி மடிப்பாள். மடித்த துணியை அவள் அலமாரியில் வைக்கிற சத்தத்திலேயே கோபத்தின் அளவு அவனுக்குத் தெரிந்தது.

இந்த நேரம் பார்த்து டெக்சஸிலிருந்து அழைப்பு வந்தது. பிளானோவில் இருக்கிற ஷியா குடும்பங்கள் ஜூலையில் பெரிய கூட்டம் நடத்துகிறார்கள், அதே உரையை அங்கே வந்து பேச வேண்டும் என்று. ஏற்பாடு செய்தது சஜ்ஜாத்தின் பெரியப்பா மகள் நர்கீஸ். அங்கே பார்மசிஸ்ட்டாக இருக்கிறாள், வயதில் பெரியவள். அவளை அக்கா என்கிற அர்த்தத்தில் ‘ஆபா’ என்றுதான் இரண்டு பேரும் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

சஜ்ஜாத் வான்மதியிடம் வந்து நின்றான். இந்தத் தடவை சொல்கிறேன் என்றான். நடுவில் சொன்னால் உரை உடைந்துபோகும், கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு, உன் பெயரைச் சொல்லித்தான் மைக்கைக் கீழே வைப்பேன் என்றான். தூஸியும் விட்ட பெயர்களைக் கடைசியில்தானே திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லி லேசாகச் சிரிக்கப் பார்த்தான்.

வான்மதி சிரிக்கவில்லை. அவர் திருப்பிக் கொடுத்தார், நீங்கள் கொடுத்ததைப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்தாள். இந்த ஒன்றையும் அவன் செய்யாவிட்டால், அவனோடு திரும்பி ஒரே விமானத்தில் ஏறுவதா என்று யோசிக்கத்தான் வேண்டும் என்று அவளுக்குள் ஒரு முடிவு உட்கார்ந்திருந்தது. யாருக்காகத் தன் அம்மாவின் குரலை இழந்தாளோ, அவனே தன்னை இல்லை என்று சொன்னால், பிறகு இந்த ஊரில் அவள் யார்?

பிளானோவில் வெயில் மண்டையைப் பிளந்தது. நர்கீஸ் சுங்கச் சாலையில் காரை விரட்டிக்கொண்டே ஓயாமல் பேசினாள். டேய், நீ பத்தாவதுல சரித்திரத்துல ஜஸ்ட் பாஸ், உனக்கு எப்படிடா இவ்வளவு அறிவு வந்திச்சு என்று தம்பியைச் சீண்டினாள். சஜ்ஜாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணாடியில் நர்கீஸ் வான்மதியின் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு சீண்டவில்லை.

கூட்டம், கடைகள் வரிசையாக இருக்கிற ஒரு ஸ்ட்ரிப் மாலின் ஹாலில். நடுவில் வெள்ளைத் திரை. இந்தப் பக்கம் பெண்கள் நூறு பேருக்கு மேல், அந்தப் பக்கம் ஆண்கள். நடத்தியவர் தாடி வெளுத்த ஒரு டாக்டர். சஜ்ஜாத் பிப்ரவரியைவிட நன்றாகவே பேசினான். பாக்தாதில் புத்தகங்கள் எரிந்த இடத்தில் பெண்கள் பக்கம் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். வேறு கொள்கைக்காரரின் உண்மையை ஏற்கலாம் என்ற இடத்தில் மறுபடியும் பாராட்டுக் குரல்கள் எழுந்தன. வான்மதி உள்ளங்கையில் நகம் பதிய உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பத்தி வந்தது. நஜஃப் வந்தது. கடைசி வரி வந்தது. ஒரு நொடி மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு எல்லோருக்கும் நன்றி, துஆ கேட்கும்போது என்னையும் நினையுங்கள் என்று சொன்னான். மைக்கைக் கீழே வைத்துவிட்டான்.

கைதட்டலுக்குப் பதிலாக, நபியை வாழ்த்தும் ஸலவாத் எழுந்தது. வான்மதிக்கு எதுவும் கேட்கவில்லை.

பெண்கள் பக்கத்துக் கேள்விகள் துண்டுச் சீட்டில் போவது வழக்கம். ஒரு பிளாஸ்டிக் கூடை கையிலிருந்து கைக்கு வரும். எழுதிப் போட்டதும் திரைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். கூடை தன்னிடம் வந்ததும் வான்மதி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள். நர்கீஸ் பக்கத்திலிருந்து அதைப் படித்துவிட்டு, கூடையைத் தானே திரைக்கு அடியில் தள்ளினாள்.

நோன்பைப் பற்றி ஒரு கேள்வி, நஜஃபைப் பற்றி ஒரு கேள்வி. அப்புறம் டாக்டர் அந்தச் சீட்டைப் பிரித்தார்.

“நீங்கள் சொன்ன இவற்றையெல்லாம் யாரிடமிருந்து கேட்டீர்கள்? பெயர் சொல்லவும்.” டாக்டர் சிரித்தார். “தூஸியைப் பற்றிய கூட்டத்துக்கு ரொம்பப் பொருத்தமான கேள்வி.”

சஜ்ஜாத்துக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் இருக்க வழியில்லை. பெர்க்லி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிற நல்ல நல்ல புத்தகங்களிலிருந்து என்றான். இரண்டு ஆசிரியர்களின் பெயரையும் சொன்னான். அவள் அடிக்குறிப்பில் எழுதித் தந்த பெயர்கள்.

வான்மதி எழுந்தாள். ஹேண்ட்பேக் தோளில் ஏறிவிட்டது. நர்கீஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“உக்காரு மதி.”

“விடுங்க ஆபா. போதும்.”

“உனக்குப் போதும். எனக்கு இன்னும் போதல.”

நர்கீஸ் மடியில் வைத்து ஒரு சீட்டு எழுதினாள். கூடைக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்த் திரையை விலக்கி டாக்டரின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். டாக்டர் அதைப் படித்துப் புருவத்தைத் தூக்கினார். பிறகு எழுதியிருந்தபடியே வாசித்தார்.

“அந்தப் புத்தகங்களைப் படித்தது யார்? இதைக் கேட்பது உன் அக்கா.”

ஹால் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியது. பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை அழுவதும், அதை யாரோ தட்டிக்கொடுப்பதும் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிற நிழல் தெரிந்தது. வான்மதி அதையே பார்த்தாள். சொல்லாவிட்டால் டாக்ஸி கூப்பிட வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

“நான் படிக்கவில்லை,” என்றான் சஜ்ஜாத். “ஒரு புத்தகத்தைக்கூட நான் திறக்கவில்லை. இவ்வளவும் எனக்குச் சொன்னது வான்மதி. என் மனைவி. எழுதினதும் அவள்தான். கடைசியில் சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லவில்லை. பயந்துவிட்டேன்.”

ஆண்கள் பக்கமிருந்து ஒரு முதியவர், அந்தப் பெண் முஸ்லிமா என்று கேட்டார். இல்லை என்றான் சஜ்ஜாத். ஒரு நாற்காலி நகர்ந்தது, பிறகு இன்னொன்று. யாரோ வெளியே போகிற காலடிச் சத்தம் கேட்டது. பெண்கள் எல்லோரும் திரும்பி வான்மதியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை.

டாக்டர் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

“பேச்சில் உண்மையுள்ளவரா?” என்று சஜ்ஜாத்திடம் கேட்டார்.

“என்னைவிட.”

“அப்படியானால் மிச்சக் கேள்விகளை அவரிடம் கேட்பதுதான் முறை.” சொல்லிவிட்டு ஒயரை இழுத்து மைக்கைத் திரைக்கு அடியில் நீட்டினார்.

வான்மதி பேசினாள். மகிழ்ச்சியாகப் பேசினாள் என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும், நறுக்கென்று பதில் சொன்னாள். முரணான இரண்டு சொற்களை ஏன் ஒன்றாக வைத்தார் என்று கேட்ட ஓர் இளைஞனுக்கு, பிடிக்காததை நாம் அழித்துவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு அது இருந்ததே தெரியாமல் போகும், அந்த உரிமை தனக்கு இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும் என்றாள். அதைச் சொல்லும்போது குரல் உயர்ந்தது. கோபத்தில்தான்.

கூட்டம் முடிந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சிலர் கையைப் பிடித்தார்கள். சிலர் பார்க்காததுபோல் போனார்கள். நர்கீஸ் வீட்டுச் சமையலறையில் சஜ்ஜாத் வந்து நின்றான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

“கோபம் போச்சா?”

“எப்படிப் போகுங்க? பிடரியில கை வச்ச பிறகு சொன்னீங்க. உங்கக்கா சீட்டு எழுதலேன்னா சொல்லியிருப்பீங்களா?”

“தெரியல,” என்றான். அன்றைக்கு அவன் சொன்னதிலேயே அவளுக்குக் கொஞ்சம் பிடித்த பதில் அதுதான்.

மலரில் திருத்தம் வர வேண்டும் என்றாள். அவன் தயங்கவில்லை. நர்கீஸின் போனை எடுத்து, அவள் எதிரிலேயே ரிஸ்வி அங்கிளைக் கூப்பிட்டான். இந்த முனையில் அவன் பேசியது மட்டும் கேட்டது. அடுத்த மலரில் கட்டுரையை எழுதியவர் வான்மதி என்று போட வேண்டும் என்றான். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். இல்லை அங்கிள், சின்ன விஷயம் இல்லை என்றான். மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தான். போட முடியாது என்றால் அக்டோபரில் நீங்கள் கேட்ட அடுத்த பேச்சுக்கு நான் வரவில்லை, நானே நகல் எடுத்து, அவள் பெயரை எழுதி, வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறேன் என்றான். அந்த முனையில் போன் வைக்கப்பட்டது.

அவன் போனை ஒருமுறை பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்ததை வான்மதி பார்த்தாள். நான்கு வருஷம் செருப்பு ஓரத்தில் உட்கார்ந்து, இப்போதுதான் முன்னால் நகர்ந்திருந்தவன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் இறங்கவில்லை, இறங்கவேண்டிய அவசியமும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் ஹேண்ட்பேக்கிலிருந்து திரும்பிப் போகிற டிக்கெட் இரண்டையும் எடுத்து ஒரே உறையில் போட்டாள்.

“வாசல்ல நான் உங்ககூட நிக்கமாட்டேன்,” என்றாள். “தனியாத்தான் நிக்கணும். மழை பெஞ்சாலும்.”

“நிக்கறேன்.”

நர்கீஸ் சாப்பிடக் கூப்பிட்டாள். வான்மதி முன்னால் போனாள். அவன் பின்னால் வந்தான்.